70 சதவீத வேகம்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் போன மாதம் எழுதியபோது, "வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில் என்ன செய்தேன் என்பது தனிக்கதை, பிறகு சொல்கிறேன்" என்று முடித்திருந்தேன். அதைப் படித்துவிட்டு என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "என்ன சார், ராமாயணம் முழுசா படிச்சு முடிச்சிருப்பீங்களே" என்றார். அவரை ஏமாற்ற மனமில்லாமல் "ஏதோ அப்படித்தான்" என்று மழுப்பிவிட்டேன். உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் ஆடினேன். அதுவும் ஒழுங்காக ஆடத் தெரியாமல், ஒரு நாளைக்கு நூறு தடவை செத்துச் செத்து ஆடினேன்.

2023 ஜூனில் அறுவை சிகிச்சை நடந்தது. எனக்கு அப்போது எழுபது வயது. பேரன் பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காகக் காத்திருந்தான். காலையில் செய்தித்தாள், பதினொரு மணிக்கு பிசியோதெரபி, மதியம் தூக்கம், சாயங்காலம் மனைவியோடு சீரியல் என்று பத்து நாள் ஓடியது. அதற்குள் அலுத்துவிட்டது. எல்லோரிடமும் எரிந்து விழ ஆரம்பித்தேன். சாம்பாரில் உப்பு, ஃபேனில் சத்தம், வாசல் கேட்டைச் சாத்தாமல் போனது என்று எதற்கும் ஒரு சண்டை. ஒருநாள் பேரன் தன் அறையிலிருந்த பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து கூடத்து டிவியில் மாட்டி, கன்ட்ரோலரை என் மடியில் வைத்தான்.

"பாட்டிகூட சண்ட போடுற நேரத்துக்கு இத ஆடுங்க தாத்தா."

அவன் அப்போது ஆடிக்கொண்டிருந்தது 'செகிரோ' என்ற ஜப்பானிய ஆட்டம். 2019இல் வந்தது. கடினமான ஆட்டங்களுக்கே பெயர்போன ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற கம்பெனி செய்தது. கத்திச் சண்டை. எதிரி வெட்ட வரும் அந்தக் கணத்தில் நாமும் பொத்தானை அமுக்கினால் கத்தியைக் கத்தி தட்டிவிடும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. அவன் விளையாடிப் பார்க்க எனக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். சங்கிலியால் கட்டிப்போட்ட ஒரு பூதம் அங்கே நிற்கிறது. கட்டிப்போட்டிருக்கிறதே என்று கிட்டே போனேன். சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கி எறிந்தது. திரை முழுக்கச் சிவப்பாக ஒரு ஜப்பானிய எழுத்து வந்தது. "அதுக்கு சாவுன்னு அர்த்தம் தாத்தா" என்றான் பேரன்.

ஒரு மணி நேரத்தில் அந்த எழுத்தை நான் மறக்க முடியாத அளவுக்குக் கற்றுக்கொண்டேன்.

பயத்தில் பொத்தானைப் படபடவென்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். எப்படியும் ஏதாவது ஓர் அமுக்கலாவது சரியான நேரத்தில் விழும் என்பது என் கணக்கு. பேரன் சிரித்தான். "அப்படி அமுக்க அமுக்க, தட்டிவிடக் கிடைக்கிற நேரம் இன்னும் சுருங்கிடும் தாத்தா. ஆட்டத்தையே அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க." பதறுகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் தண்டனை! இதைச் செய்தவர் எங்கள் பழைய கிளை மேலாளரின் தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஆட்டத்தில் வேகத்தைக் குறைக்க, எளிதாக்க எந்த வழியும் கிடையாதாம். எல்லோருக்கும் ஒரே வாசல்தான். உள்ளே வர முடிந்தால் வா, இல்லாவிட்டால் போ. பேரன் அதைப் பெருமையாகச் சொன்னான். அவன் ஓர் எதிரியைத் தாண்ட மூன்று வாரம் எடுத்துக்கொண்டவன். அந்தப் பெருமை அவனுக்கு நியாயமானதுதான்.

எனக்கு அது வேண்டாம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஒலிம்பிக்கில் கம்பு ஊன்றித் தாண்டுகிறவரைப் பார்த்து நாம் வருத்தப்படுகிறோமா என்ன?

வருத்தம் வந்தது இரண்டாவது ஆட்டத்தில்.

அதன் பெயர் 'செலஸ்ட்'. கனடாவில் ஒரு சிறு குழு செய்து 2018 ஜனவரியில் வெளியிட்டது. மேடலின் என்ற பெண் செலஸ்ட் என்ற மலையின் உச்சிக்கு ஏறுகிறாள். அவ்வளவுதான் கதை. கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. தாவ ஒரு பொத்தான், பாய ஒரு பொத்தான், சுவரைப் பிடித்துக்கொள்ள ஒரு பொத்தான். அந்தரத்தில் ஒரே ஒரு தடவைதான் பாயலாம். பாய்ந்துவிட்டால் அவளுடைய சிவப்புத் தலைமுடி நீலமாகிவிடும். தரையில் கால் பட்டால்தான் மறுபடி சிவப்பாகும். சுவரைப் பிடித்தபடி ரொம்ப நேரம் தொங்கினால் சக்தி தீர்ந்து கீழே விழுவாள். முள்ளில் பட்டால் சாவு, பள்ளத்தில் விழுந்தால் சாவு. ஆனால் செத்த அடுத்த நொடியே அதே திரையின் தொடக்கத்தில் மறுபடி நிற்பாள். திட்டுவது கிடையாது, காத்திருக்கச் சொல்வது கிடையாது. போதாததற்கு, எத்தனை தடவை செத்தாய் என்பதற்காகப் பெருமைப்படு, சாகச் சாகத்தான் கற்றுக்கொள்கிறாய் என்ற பொருளில் ஒரு தபால் அட்டை வேறு வருகிறது.

மூன்று பொத்தான்தானே என்று எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அந்தத் துணிச்சலுக்கு ஒரு காரணம் உண்டு.

33 ஆண்டு வங்கியில் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் முதல் 14 ஆண்டு கேஷ் கவுண்டர். எண்ணும் இயந்திரம் எங்கள் கிளைக்கு வருவதற்கு முன்னால் நாங்கள்தான் இயந்திரம். ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டு, நூறு நோட்டு கொண்ட ஒரு பாக்கெட்டை இருபது விநாடியில் எண்ணி வைப்பேன். எண்ணும்போதே வாடிக்கையாளரிடம் அவர் வீட்டுக் கல்யாணம் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பேன். கள்ள நோட்டு வந்தால் கண்ணுக்கு முன்னால் கட்டைவிரலுக்குத் தெரியும். சம்பள நாளில் பக்கத்துக் கிளையிலிருந்து என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த விரல்களை நம்பித்தான் கன்ட்ரோலரைப் பிடித்தேன்.

பழைய பழக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிவைத்தேன். முதல் அத்தியாயம் முடிக்க 312 சாவு. இரண்டாவது அத்தியாயத்துக்கு 540. முதல் வாரத்தில் கை கன்னாபின்னாவென்று போனது. மேலே போக வேண்டியவள் பக்கத்தில் போனாள், குறுக்கே பாய வேண்டியவள் நேரே போய் முள்ளில் செருகிக்கொண்டாள். இரண்டாவது வாரத்தில் விரல் கொஞ்சம் வழிக்கு வந்தது. முதல் நாள் 40 தடவை செத்த திரையில் மறுநாள் 6 தடவையில் ஏறிப் போனேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அந்தப் பொண்ணு எங்கதாங்க போறா?" என்றாள். "மலை உச்சிக்கு." "எதுக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் சரியாகத் தெரியாது, அதுதான் கதை என்று பின்னால் புரிந்தது.

மூன்றாவது அத்தியாயம் ஒரு பாழடைந்த ஓட்டல். ஒஷிரோ என்று ஓர் ஆவி அதன் முதலாளி. ஓட்டல் எப்போதோ மூடிப்போய்விட்டது. அதை ஒப்புக்கொள்ள மாட்டார். வந்த ஒரே விருந்தாளியை எப்படியாவது தங்கவைத்துவிட வேண்டும் என்று கெஞ்சுகிறார், குழைகிறார், கடைசியில் கோபம் வந்து மொட்டைமாடியில் துரத்த ஆரம்பிக்கிறார். திரையின் இடது ஓரத்திலிருந்து பாய்ந்து வருவார். யோசிக்க நேரம் கிடையாது. அதுவரை வந்த திரைகளில் ஓரிடத்தில் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, வழியைப் பார்த்துவிட்டுத் தாவலாம். இங்கே அது நடக்காது.

என் நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன். முதல் நாள் 61 சாவு. இரண்டாம் நாள் 48. மூன்றாம் நாள் 52. நான்காம் நாள் 55. ஐந்தாம் நாள் 51. எல்லா நாளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்.

கணக்குப் பார்க்கத் தெரிந்தவனுக்கு இந்த வரிசை என்ன சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு நாளுக்குள் கற்க வேண்டியதைக் கற்றாகிவிட்டது. அதற்குப் பிறகு என் விரல் அதே இடத்தில் நிற்கிறது. திரையில் இருப்பதைக் கண் பார்க்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, விரலுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் ஒஷிரோ வந்து மோதிவிடுகிறார். இந்த ஆட்டங்களில் விநாடிக்கு 60 படம் மாறுகிறதாம். பேரன் கை அந்த 60க்குள் எங்கேயோ வாழ்கிறது. என் கை அதற்கு வெளியே, அடுத்த ஸ்டாப்பில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு வலது கட்டைவிரலின் அடிமூட்டில் வலி. பிசியோதெரபிக்கு வந்த தம்பியிடம் காட்டினேன். தேய்மானம் என்றார். எதனால் என்று அவரும் கேட்டார், நானும் சொன்னேன். ஒரு கணம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், பாவம். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றார்.

நான் இரண்டு மணி நேரம் ஆடினேன். விட மாட்டேன் என்ற வெறி வந்துவிட்டது.

ஆறாம் நாள் மதியம். மகன் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்திருந்தான் (தஞ்சாவூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், பைப், பெயிண்ட், பூட்டு எல்லாம்). நான் அவன் வந்ததைக் கவனிக்கவில்லை. நாற்பத்திச் சொச்சமாவது தடவை ஒஷிரோ மோதியதும் கன்ட்ரோலரைச் சோபாவில் வீசிவிட்டு, "முடியல. என்னால முடியாது. விரல் ஓட மாட்டேங்குது. வேணும்னா பண்றேன்?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

பின்னாலிருந்து மகனின் குரல் கேட்டது. "முடியாதுன்னு ஒண்ணு கிடையாதுப்பா. நீங்க முழு மனசோட முயற்சி பண்ணல. அவ்வளவுதான்."

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கை கழுவப் போய்விட்டான்.

அந்த வாக்கியம் என்னுடையது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அவன் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். மகனிடமே கேட்டேன். "எழுதுங்க, அதனாலென்ன" என்றான். அதனால் எழுதுகிறேன்.

அவன் பி.காம். முடித்ததும் சி.ஏ. படிக்க வைத்தேன். அவன் கேட்கவில்லை, நான் வைத்தேன். எங்கள் கிளைக்குத் தணிக்கைக்கு வரும் ஆடிட்டர்களுக்கு மேலாளர் எழுந்து நின்று நாற்காலி போடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் வளர்ந்த ஆசை அது. மே மாதம் ஒரு தேர்வு, நவம்பரில் ஒரு தேர்வு. சி.ஏ. இண்டர் நான்கு முறை எழுதினான். நான்கு முறையும் தேறவில்லை. இரண்டாவது முறைக்கு மூன்றாவது முறை மதிப்பெண் கொஞ்சம் குறைந்துகூட இருந்தது. காலை நாலரைக்கு எழுந்து கொல்லைப்புற விளக்கடியில் உட்கார்ந்து படிப்பான். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வந்த அன்று அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். நான்காவது முறைக்குப் பிறகு "நான் கடை வைக்கப் போறேன்பா" என்றான். நான்கு மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை. கடைக்கு முன்பணம் கொடுத்தது அவன் மாமா. நான் கொடுக்கவில்லை.

கடை நன்றாக நடக்கிறது. ஜிஎஸ்டி கணக்கைக்கூட அவனே போட்டுக்கொள்கிறான். நானும் இத்தனை வருடத்தில் பெரிய மனது பண்ணி அதை மன்னித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

அன்றைக்குப் பிறகு மூன்று நாள் கன்ட்ரோலரைத் தொடவில்லை. நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். 61, 48, 52, 55, 51. என் மகனின் நான்கு மார்க் ஷீட்டையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நோட்டு எண்ணுவதில் ஒரு ரூபாய் விடாதவன், இதை எண்ணவில்லை.

ஆகஸ்டில் பேரன் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தான். பிளேஸ்டேஷனை ஹாஸ்டலுக்கு எடுத்துப்போக முடியாது என்று இங்கேயே விட்டுவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "ஒஷிரோவத் தாண்டிட்டீங்களா தாத்தா?" என்றான். இல்லை என்றேன். "நான் அப்பவே சொன்னேன்ல, அசிஸ்ட் மோட் போட்டுக்கோங்க" என்றான்.

அவன் முதல் வாரமே சொன்னான், நான்தான் காதில் வாங்கவில்லை. இந்த செலஸ்ட் ஆட்டத்தில், செய்தவர்களே ஓர் உதவி முறையை உள்ளே வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் ஆட்டத்தின் வேகத்தை 100 சதவீதத்திலிருந்து பத்துப் பத்தாக 50 வரை குறைக்கலாம். சுவரில் தொங்கும் சக்தி தீராமல் வைத்துக்கொள்ளலாம். சாவே இல்லாமல்கூட ஆடலாம். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பது நம் விருப்பம். யாரும் கேள்வி கேட்பதில்லை.

எனக்கு அது பழைய காட்சி ஒன்றை ஞாபகப்படுத்தியது. 1992 வாக்கில் என் மைத்துனர் சென்னை பர்மா பஜாரிலிருந்து மகனுக்கு ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். கேசட் போட்டு ஆடுவது. அதில் 'கான்ட்ரா' என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். மூன்றே உயிர்தான் கொடுப்பான், பத்து நிமிடத்தில் போய்விடும். ஆரம்பத்தில் சில பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமுக்கினால் 30 உயிர் கிடைக்கும் என்று பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மகன் சந்தோஷமாக அதைச் செய்து காட்டினான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது திருட்டுத்தனம். மூணு உயிர்ல ஜெயிக்கிறவன்தான் ஜெயிச்சவன்" என்றேன். அவனுக்குப் பதின்மூன்று வயது. அந்த முப்பது உயிரும் இருந்ததால்தான் அவன் அந்த ஆட்டத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சரி. 90 போட்டேன். ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை, 44 சாவு. 80 போட்டேன். இரண்டு இடம் கூடுதலாகத் தாண்டினேன். 70 போட்டேன். மேடலின் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்தாள். பின்னணி இசைகூடக் கொஞ்சம் இழுத்தது. ஒஷிரோ வந்தார். இந்த முறை அவர் வருவதைப் பார்த்தேன், தாவினேன். அவர் கீழே போனார்!

ஒன்றைச் சொல்ல வேண்டும். 70இலும் எனக்கு 19 சாவு ஆயிற்று. வேகத்தைக் குறைத்ததும் பால்கோவா சாப்பிடுவதுபோல ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. வழியை நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எந்தச் சுவர், எப்போது பாய்வது, எங்கே விட்டுவிடுவது எல்லாம் என் வேலைதான். வலிக்கிற கட்டைவிரலும் என்னுடையதுதான். என் கைக்குக் கிடைக்காத அந்தக் கால் விநாடியை மட்டும் ஆட்டம் கடனாகக் கொடுத்தது. நிர்வாகம் ஒன்று இப்படி நடந்துகொண்டதை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

சாவே வராத வசதியை மட்டும் இதுவரை தொடவில்லை. அது என் வீம்பு. மற்றவர்கள் தொட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பார்வை மங்கியவரோ கை நடுங்குகிறவரோ மலை உச்சியைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் பார்க்கட்டும். 70இல் நிற்பதா, 60க்கு இறங்குவதா என்பதிலேயே எனக்கு இன்னும் ஒரு சண்டை இருக்கிறது. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த நாளில் 80இல் ஆட முடிகிறது. மழை நாளில் விரல் விறைத்துக்கொண்டால் 60தான். நோட்டில் இப்போது தேதி, சாவு இரண்டுக்கும் நடுவில் வேகம் என்று ஒரு பத்தி போட்டிருக்கிறேன். அரை மணி நேரக் கெடுவையும் பெரும்பாலும் மதிக்கிறேன். மனைவி சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மதிக்காமல் முடியாது.

இந்தப் பெண் மேடலினுக்கு ஒரு நிழல் இருக்கிறது. கண்ணாடியிலிருந்து வெளியே வந்து, "உன்னால் முடியாது, திரும்பிப் போ" என்கிற தோரணையில் அவளைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஆறாவது அத்தியாயத்தில் அதை விரட்டப்போய் மலையிலிருந்து அடியோடு கீழே விழுகிறாள். பிறகுதான் அந்த நிழலுக்கும் பயம்தான் என்று தெரிந்து, இரண்டு பேரும் சமாதானமாகிறார்கள். அதற்கப்புறம் அந்தரத்தில் அவளால் இரண்டு தடவை பாய முடிகிறது. அந்த இடத்துக்கு நான் வந்து சேர்ந்தது அந்த வருடம் டிசம்பரில். ராத்திரி ஒன்பதரை மணி. கூடத்தில் நானும் மகனும் மட்டும் இருந்தோம். அவன் கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் டிவியைப் பார்த்தபடியே சொன்னேன். "நீ நாலு தடவையும் முழு மனசோடதான் எழுதினே. எனக்கு அது தெரியும்டா. அப்பவே தெரியும்."

கால்குலேட்டர் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை.

"மூணு தடவதான்பா" என்றான்.

"என்னது?"

"நாலாவது தடவ நான் எழுதப் போகல. பரீட்சைன்னு திருச்சிக்குப் போனேன்ல, அந்த நாள் எல்லாம் மலைக்கோட்டையில போய் உக்காந்திருந்தேன். உச்சிப் பிள்ளையார் வரைக்கும் ஏறி, சாயங்காலம் இறங்கி, பஸ் பிடிச்சு வந்துட்டேன். நீங்க கேட்டீங்க, எப்படி எழுதினேன்னு. சுமார்னு சொன்னேன்."

எனக்கு அந்த நாட்கள் நன்றாக ஞாபகம் இருந்தன. காலையில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஐம்பது ரூபாய் எண்ணிக் கொடுப்பேன். புது நோட்டாகப் பார்த்துக் கொடுப்பேன். சாயங்காலம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து அவன் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சொல்லியிருக்கலாமேடா."

"உங்ககிட்டயா?" என்றான். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியமாகக் கேட்டான். பிறகு அவனே, "அங்க மேல காத்து நல்லா இருந்துச்சு. அங்க உக்காந்துதான் கடை வைக்கலாம்னு யோசிச்சேன்" என்றான்.

நான் என்ன சொல்வது? அழவெல்லாம் இல்லை, அப்படி எதிர்பார்க்காதீர்கள். டிவியில் மேடலின் ஓரிடத்தில் நின்று, காற்றில் முடி பறக்க, நான் பொத்தானை அமுக்குவதற்காகக் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

இப்போது கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன். மலையின் அடியிலிருந்து உச்சி வரை மறுபடியும் முழுக்க ஏற வேண்டும். பேரன் இதை ஒரே ராத்திரியில் முடித்தானாம். எனக்கு ஒரு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் கண்புரை அறுவை சிகிச்சை, ஊர்க் கல்யாணங்கள் என்று மாதக்கணக்கில் தொடாமலும் இருந்திருக்கிறேன். உச்சிக்குப் போவேனா என்பது தெரியாது. போகாவிட்டாலும் தூக்கம் கெடாது என்ற நிலைக்கு வந்திருக்கிறேன். போய்விட்டால் உங்களுக்கு ஒரு தனிப் பதிவு உண்டு, தப்பிக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரே திரையில் 38 தடவை செத்துவிட்டு கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை எடுத்தான். கான்ட்ரா ஆடிய கை. எடுத்தவுடனே முள்ளில் விழுந்தான். மறுபடி விழுந்தான். ஏழெட்டுத் தடவை.

"வேகம் எவ்வளவுப்பா வச்சிருக்கீங்க?"

"70."

"60 வைங்க" என்றான்.

வைத்தேன். உள்ளேயிருந்து மனைவி தோசை ஆறுகிறது என்று சத்தம் போட்டாள். "இதோ, ஒரு தடவ" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.